முப்பதாயிரத்துக்குள் ஒரு கணினி: எந்த மதர்போர்டை எடுப்பது?

அக்கா மகன் கும்பகோணத்திலிருந்து போன மாதம் போன் செய்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, கணினி அறிவியல். "மாமா, பி550 போர்டு ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், ஒன்பதாயிரம் சொல்றாங்க. எடுத்துக்கலாமா?"

மொத்தம் கையில் எவ்வளவு என்றேன். முப்பது. பிராசசர்? "5600ஜி." உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ஏஎம்டி பிராசசர் அது. கிராபிக்ஸ் கார்டு? "இப்போதைக்கு இல்ல மாமா, வேலைக்குப் போனப்புறம் பாத்துக்கலாம்." இந்த மூன்று பதில்களிலேயே பி550 அடிபட்டுப் போய்விட்டது. ஏன் என்பதை போனில் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பாடப்புத்தகத்தில் மதர்போர்டுக்குத் தாய்ப்பலகை என்று பெயர். சென்னையில் கணினி பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவில் போய் அப்படிக் கேட்டால் ஒரு நிமிடம் முழிப்பார்கள். அதனால் இங்கேயும் போர்டு என்றே வைத்துக்கொள்கிறேன். பி550 என்பது போர்டில் உள்ள சிப்செட்டின் பெயர், அதாவது போர்டில் என்னென்ன வசதி என்பதைத் தீர்மானிக்கும் சில்லு.

முதலில் ஒரு விஷயம். போர்டு வேகத்தைக் கொடுப்பதில்லை. ஒரே பிராசசரை ஐயாயிரம் ரூபாய் போர்டிலும் பதினைந்தாயிரம் ரூபாய் போர்டிலும் மாட்டிப் பார்த்தால், மின்சாரத்தை ஒழுங்காகக் கொடுக்கும் வரை இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஓடும். எந்த பிராசசர் உட்காரும், எந்த ராம் (தற்காலிக நினைவகம்) ஏறும், எத்தனை எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் டிரைவ்) மாட்டலாம், மே மாத வெயிலில் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை மட்டும்தான் போர்டு முடிவு செய்கிறது. கையில் ராம் இருக்கிறதா, எந்த பிராசசர் என்று பார்த்துவிட்டு மூன்றாவதாகத்தான் போர்டுக்கு வர வேண்டும். பையன்கள் தலைகீழாகப் போகிறார்கள். போர்டு படத்தில் விளக்கு எரிவதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ராம்தான் முதல் கேள்வி

ராமில் பழைய வகை டிடிஆர்4, புதிய வகை டிடிஆர்5. இரண்டுக்கும் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று ஏறாது. ஆகவே எந்த ராம் என்று முடிவானதும் பாதிப் போர்டுகள் பட்டியலிலிருந்து தானாகக் கழிந்துவிடும்.

2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றம் கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும். மெமரி தயாரிக்கும் கம்பெனிகள் செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்குத்தான் முதல் மரியாதை கொடுக்கின்றன. மைக்ரான் கம்பெனி தன் க்ரூஷியல் பிராண்டை, நம்மைப் போன்ற சில்லறை வாடிக்கையாளர்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அதற்கு முன்பெல்லாம் ராம் என்பது பட்ஜெட்டில் கடைசியில் மிஞ்சும் காசில் வாங்குகிற பொருள். இப்போது போர்டை விட ராம் விலை அதிகம் என்கிற நிலை.

எங்கள் நல்ல காலம், என் பழைய கணினியிலிருந்து கழற்றிய 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு பீரோவில் கிடந்தது. 3200 வேகம். அந்த இரண்டு குச்சிகள்தான் எங்கள் முடிவில் முக்கால்வாசி. உங்கள் வீட்டில், அலுவலகத்தில், நண்பனின் பழைய பெட்டியில் டிடிஆர்4 கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள். லேப்டாப் ராம் நீளத்தில் குட்டையானது, இதற்கு உதவாது.

டிடிஆர்4 என்று முடிவானால் களத்தில் மிஞ்சுவது இரண்டே சாக்கெட், அதாவது போர்டில் பிராசசர் உட்காரும் இடம். ஏஎம்டி பக்கம் ஏஎம்4, இன்டெல் பக்கம் எல்ஜிஏ1700. இரண்டும் தம் பயணத்தின் முடிவுக்கு வந்துவிட்டவை. ஏஎம்4 2017இல் ஏஎம்டியின் முதல் ரைசன் பிராசசரோடு கடைக்கு வந்தது. அதன் வாரிசு ஏஎம்5 2022 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. எல்ஜிஏ1700 2021 நவம்பரில் இன்டெல்லின் 12ஆம் தலைமுறை பிராசசரோடு தொடங்கி 14ஆம் தலைமுறையோடு முடிந்தது. 2024 அக்டோபரில் இன்டெல் அடுத்த சாக்கெட்டுக்குப் போய்விட்டது.

"செத்த சாக்கெட்டில் ஏன் காசு போடணும்?" என்று மாப்பிள்ளை கேட்டான். யூடியூபில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்களாம். பட்ஜெட் கணினி வாங்குகிற எத்தனை பேர் மூன்று வருடம் கழித்து அதே போர்டில் புது பிராசசர் மட்டும் மாற்றுகிறார்கள்? எனக்குத் தெரிந்த வட்டத்தில் ஒருவர். மற்றவர்கள் எஸ்எஸ்டி சேர்த்தார்கள், ராம் சேர்த்தார்கள், ஐந்தாறு வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாக மாற்றினார்கள். வராத அப்கிரேடுக்கு இன்றைக்கே ஐயாயிரம் கட்டுவது, பிறக்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டுகிற மாதிரி. அதுவும் போக, ஏஎம்4 போர்டில் 5600ஜியைக் கழற்றிவிட்டு எட்டு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பிரிவு) உள்ள 5700எக்ஸ் போட இன்றும் வழி இருக்கிறது. செத்த சாக்கெட்டுக்கும் ஒரு மாடி ஏற இடம் உண்டு.

ஏ520 போதுமா, பி550 வேண்டுமா?

இரண்டும் ஏஎம்4 சிப்செட். பி550 2020 ஜூனில் வந்தது, அதன் மலிவுத் தம்பி ஏ520 அதே ஆண்டு ஆகஸ்டில். விலையில் ஏ520 சுமார் ஐந்தாயிரம். பி550 எட்டிலிருந்து பத்து. கூடுதலாகக் கொடுக்கும் இந்த மூன்றிலிருந்து ஐந்தாயிரத்துக்கு என்ன கிடைக்கிறது?

விளம்பரத்தில் முதலில் வருவது பிசிஐஇ 4.0. கிராபிக்ஸ் கார்டுக்கும் எஸ்எஸ்டிக்கும் போகிற பாதை, 3.0ஐ விட இரண்டு மடங்கு அகலம். சரி, நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பாதை பிராசசரிலிருந்து புறப்படுகிறது. 5600ஜி என்கிற பிராசசரே 3.0 மட்டும் தெரிந்தது. அதைப் பி550இல் மாட்டினாலும் 3.0தான் ஓடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பலர் வாங்கும் 5500ம் அப்படியே. அதுவும் ஜி வகையின் அதே சில்லிலிருந்து, கிராபிக்ஸை அணைத்துவிட்டுச் செய்தது. 5600, 5600எக்ஸ், 5700எக்ஸ் போன்றவற்றுக்குத்தான் 4.0 உண்டு. மாப்பிள்ளை ஒன்பதாயிரம் கொடுத்து வாங்கியிருந்தால், நாலு வழிச்சாலை போட்டு அதில் சைக்கிள் ஓட்டியிருப்பான்.

அடுத்தது ஓவர்கிளாக், அதாவது கம்பெனி நிர்ணயித்த வேகத்துக்கு மேல் முடுக்குவது. பி550இல் பிராசசரை முடுக்கலாம், ஏ520இல் முடியாது. ராமை முடுக்க இரண்டிலும் முடியும். 65 வாட் பிராசசரை முடுக்கி நூற்றுக்கு ஐந்து பங்கு வேகம் எடுக்க, கும்பகோணம் வெயிலில் யாரும் மெனக்கெட வேண்டாம்.

உண்மையில் பி550 காசுக்கு மதிப்பு தருவது விளம்பரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் சங்கதிகளில்தான். பெரும்பாலும் எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட் இரண்டு, பல போர்டுகளில் நான்கு ராம் ஸ்லாட், மின்சாரம் கொடுக்கும் பகுதியின்மேல் சூட்டை இழுக்கும் நல்ல ஹீட்சிங்க், சிலவற்றில் பிராசசர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸ் (போர்டைத் துவக்கி வைக்கும் மென்பொருள்) ஏற்றும் வசதி. நாளைக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டும் 5700எக்ஸும் போடப்போவது உறுதி என்றால் பி550 எடுங்கள், நான் தடுக்க மாட்டேன். அல்லது ஜி இல்லாத 5600 வாங்கி, கூடவே இன்றைக்கே கார்டும் வாங்குபவர் என்றால் சரி. ஒரு சின்ன எச்சரிக்கை: 5600க்கு உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. போர்டில் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், ஒயரைச் சொருகினால் திரை கருப்பாகவே இருக்கும். போர்டு கெட்டுவிட்டது என்று கடைக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. இன்டெல்லில் எஃப் என்று முடியும் மாடல்களும் இப்படியே.

3.0 போர்டில் பின்னாளில் கார்டு போட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி எட்டு லேன் (பிசிஐஇ பாதையின் தடம்) உள்ள கார்டுகளுக்குக் கொஞ்சம்தான் குறையும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மட்டும் ஆகாது. அதற்கு நான்கே லேன், 3.0இல் போட்டால் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மூச்சு வாங்கும்.

பி450? பி550க்கு முந்தையது, 2018இல் வந்தது. இன்னும் சில கடைகளில் தூசியோடு கிடக்கிறது, பழையதாகவும் கிடைக்கும். நல்ல போர்டுகள் உண்டு. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் பயாஸ் பழையதாக இருந்தால் 5000 வரிசை பிராசசரைத் தெரியாது. ஃபேன் சுற்றும், திரை வராது. பெரும்பாலும் பழைய பிராசசர் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுத்தான் பயாஸை மாற்ற வேண்டும். பெட்டியின் மேல் 5000 வரிசைக்குத் தயார் என்கிற ஸ்டிக்கர் இல்லையென்றால், கடைக்காரரையே பயாஸ் ஏற்றித் தரச் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தால் அடுத்த கடை.

இன்டெல் பக்கம்: எச்610

நியாயமான போட்டி இங்கேதான். எல்ஜிஏ1700 சாக்கெட் உள்ள எச்610 போர்டு ஆறு, ஆறரை ஆயிரம். அதில் போட ஐ3-12100 பிராசசர். ஏ520 கூட 5600ஜி வைத்துக் கூட்டினாலும் மொத்தத் தொகை ஏறக்குறைய சமமாக வருகிறது.

12100க்கு நான்கு கோர், எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). ஒவ்வொரு கோரும் 5600ஜியின் கோரைவிட வேகமானது. பிரவுசர், எக்செல், டேலி இதற்கெல்லாம் இது துள்ளிக்கொண்டு ஓடும். பின்னாளில் கிராபிக்ஸ் கார்டு போட்டால் பல விளையாட்டுகளில் இதுதான் முன்னால் நிற்கும், ஏனென்றால் 5600ஜியின் கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்) 16 எம்பிதான், 5600க்கு இருப்பதில் பாதி. இன்னொரு சின்ன லாபம், ஐ3இல் உள்ள கிராபிக்ஸ் ஏவி1 என்கிற புது வகை வீடியோவை நேரடியாக இயக்கும். 5600ஜியின் உள் கிராபிக்ஸான வேகாவுக்கு அது தெரியாது, பிராசசரே முக்கி முனகி ஓட்டும்.

5600ஜிக்கு ஆறு கோர், பன்னிரண்டு திரெட். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, ஒரு விர்ச்சுவல் மெஷின், பத்துப் பதினைந்து டேப் என்று ஒரே நேரத்தில் திறந்து வைக்கும் மாணவனுக்கு அந்த இரண்டு கோர் நன்றாகவே தெரியும். கார்டு இல்லாமல் விளையாட வேண்டுமென்றால் பேச்சே இல்லை, 5600ஜியின் வேகா 7 எங்கே, ஐ3இன் யுஎச்டி 730 எங்கே.

போர்டு என்று பார்த்தால், எச்610 இன்டெல் வேண்டுமென்றே கையைக் கட்டி அனுப்பிய சிப்செட். ராம் ஸ்லாட் இரண்டுதான், மூன்றாவது கிடையாது. டிடிஆர்4 ராம் 3200க்கு மேல் ஓடாது. எங்களிடம் இருந்ததே 3200 என்பதால் எங்களுக்கு இது ஒரு பொருட்டில்லை. 3600 ராம் வைத்திருப்பவருக்கு உறுத்தும். ஏ520இல் 3600 ஓடும், உள் கிராபிக்ஸுக்கு ராம் வேகம்தான் சோறு என்பதால் அங்கே அது வீண் போகாது. எம்.2 ஸ்லாட் பெரும்பாலும் ஒன்று, அதுவும் 3.0. விநாடிக்கு 7,000 எம்பி என்று அட்டையில் போட்ட எஸ்எஸ்டியை அதில் மாட்டினால் 3,500 பக்கத்தில் நின்றுவிடும். ஏ520இலும் அதே கதை. ஆகவே இந்த இரண்டு போர்டு வாங்குபவர்கள் விலை கூடிய எஸ்எஸ்டிக்குப் போக வேண்டாம்.

எச்610க்கு ஒரு பெருமை உண்டு. கடை வைத்திருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பல எச்610 போர்டுகளில் இன்னும் பழைய மானிட்டருக்கான விஜிஏ இருக்கிறது, பழைய கீபோர்டு மாட்டும் வட்ட ஓட்டை இருக்கிறது, பில் பிரிண்டருக்கும் எடைத் தராசுக்கும் வேண்டிய காம் போர்ட்டுக்கு உள்ளே ஊசிகள் இருக்கின்றன. மருந்துக்கடை, மளிகைக்கடை பில்லிங்குக்கு எச்610 கூட ஐ3, வேறு யோசனையே வேண்டாம்.

பி760 டிடிஆர்4 போர்டு ஒன்பதாயிரத்துக்கு மேல் போகிறது. ஐ5-13400 மாதிரி பிராசசர் போடுபவர்களுக்கு நல்லது. முப்பதாயிரத்துக் கணக்கில் அதற்கு இடமில்லை.

வெயிலும் விஆர்எமும்

இதைப் பற்றித்தான் கடையில் யாரும் பேசுவதில்லை. எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) போர்டுக்கு 12 வோல்ட் கொடுக்கிறது. பிராசசருக்கு வேண்டியது ஒன்றேகால் வோல்ட் அளவில். 12ஐ ஒன்றேகாலாக இறக்கும் வேலையைச் செய்வது சாக்கெட்டின் இடப்பக்கமும் மேலேயும் இருக்கும் கருப்புச் சதுரச் சில்லுகளும் பக்கத்தில் நிற்கும் சாம்பல் நிறக் கட்டைகளும். இந்தக் கூட்டத்துக்குத்தான் விஆர்எம் என்று பெயர்.

கணக்கு எளிது. 5600ஜி அதிகபட்சம் 88 வாட் இழுக்கும். ஒன்றேகால் வோல்ட்டில் 88 வாட் என்றால் சுமார் 70 ஆம்பியர். நம் வீட்டுச் சுவரில் இருக்கும் பெரிய பிளக் 15 ஆம்பியர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஐ7-12700 முழு வேகத்தில் 180 வாட் வரை போகும், அங்கே கணக்கு 140 ஆம்பியரைத் தாண்டும். அவ்வளவும் நகக்கண் அளவு சில்லுகள் வழியாகப் போகிறது. சூடாகாமல் என்ன செய்யும்?

மலிவுப் போர்டுகளில் இந்தச் சில்லுகள் மொட்டையாக நிற்கும், மேலே ஹீட்சிங்க் இருக்காது. விமர்சகர்கள் ஏசி அறையில் சோதித்துவிட்டு "பரவாயில்லை" என்பார்கள். அக்கா வீட்டு மாடி அறையில் மே மாதம் மதியம் ஃபேன் காற்றே அனல்தான். அறையின் சூடு பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடினால் சில்லின் சூடும் அவ்வளவு கூடும். சூடு எல்லை தாண்டினால் போர்டு பிராசசரின் வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். நீங்கள் ஐ7 வாங்கி ஐ5 வேகத்தில் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், தெரியவே தெரியாது.

65 வாட் பிராசசர், அதுவும் 5600ஜி, 12100 மாதிரி என்றால் மொட்டைப் போர்டும் சமாளிக்கும். ஆனாலும் அதே சிப்செட்டில் ஐந்நூறு அறுநூறு கூடக் கொடுத்தால் ஹீட்சிங்க் உள்ள மாடல் கிடைக்கும். ஒளிரும் விளக்குக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள், இந்த அலுமினியத் துண்டுக்குக் கொடுங்கள். இன்டெல்லில் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 பழையதாக வாங்குபவர்கள் பயாஸையும் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும். அவற்றில் வந்த நிலைகுலைவுச் சிக்கலுக்கு இன்டெல் 2024 ஆகஸ்டில் திருத்தம் கொடுத்தது, அது போர்டின் பயாஸ் வழியாகத்தான் வந்து சேரும்.

ஏஎம்5க்குப் போய்விட்டால்?

கையில் பழைய ராம் எதுவும் இல்லை, பட்ஜெட் ஐம்பதைத் தொடுகிறது என்றால் நான் சொல்வது மாறும். இருக்கிற எல்லாவற்றையும் புதிதாக வாங்கும்போது டிடிஆர்4இல் இறங்க மனசு வராது. டிடிஆர்5 ராம் ஏறும் ஏஎம்5இல் ஏ620 போர்டு எட்டாயிரம் பக்கத்தில், பி650 பதினொன்றுக்கு மேல். ஏஎம்5ஐ 2027 வரைக்கும் அதற்கு அப்பாலும் ஆதரிப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இங்கே அப்கிரேடு பேச்சுக்கு அர்த்தம் உண்டு.

ஏ620இல் கவனிக்க வேண்டியது, சில மாடல்கள் 65 வாட் பிராசசருக்கு மேல் தாங்குவதாகச் சொல்லவே இல்லை. கம்பெனியின் பிராசசர் பட்டியலைப் பாருங்கள். 8500ஜி பிராசசர் வாங்குபவர்கள், அது கிராபிக்ஸ் கார்டுக்கு நான்கு லேன்தான் கொடுக்கும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். அப்புறம், ஏஎம்5 போர்டு முதல் தடவை ஆன் செய்யும்போது ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் கருந்திரையிலேயே நிற்கும். பொறுமை இல்லாமல் ஆஃப் செய்து ஆஃப் செய்து போட்டால் அது மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். டீ போடப் போய்விடுங்கள்.

மலிவிலும் மலிவு

இணையத்தில் இரண்டு சபலங்கள் கண்ணில் படும். ஒன்று, பழைய இன்டெல் சிப்செட்டை வைத்துப் புதிதாகவே செய்து விற்கப்படும் எச்61, எச்81 போர்டுகள். எச்61 2011இல் வந்த சிப்செட். இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிராசசரும் டிடிஆர்3 ராமும் போட்டு எல்லாமாகச் சில ஆயிரத்தில் முடித்துவிடலாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஆக, லினக்ஸ் போடத் தயார் என்றால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள். நண்பனின் ஜெராக்ஸ் கடைக்கு நானே இப்படி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பத்தாம் மாதம் கெட்டுப்போனது. மாற்றிக் கொடுத்த போர்டு ஏற்கெனவே யாரோ பயன்படுத்தித் துடைத்தது. ஸ்க்ரூ ஓட்டைகளில் கீறல் இருந்தது. நண்பன் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

இன்னொன்று எக்ஸ்99 கிட். சர்வரிலிருந்து கழற்றிய இன்டெல்லின் 14 கோர் சியான் (Xeon) பிராசசர், சீனப் போர்டு, ராம் எல்லாம் சேர்த்து ஒரு விலை. பதினான்கு கோர் என்றதும் வாயில் எச்சில் ஊறும். 120 வாட் பிராசசர், உள் கிராபிக்ஸ் கிடையாது, ஏதாவது ஒரு கார்டு வாங்கியே ஆக வேண்டும், போர்டில் இருக்கும் சிப்செட்டும் பல சமயம் பழைய போர்டுகளிலிருந்து பிரித்தெடுத்தது. கெட்டுப்போனால் எங்கே கொண்டு போவீர்கள்? தோண்டித் துருவிச் சரிசெய்வதில் ருசி உள்ளவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. படிக்கிற பையனுக்கு வேண்டாம்.

கடையில்

மாப்பிள்ளை சென்னைக்கு வந்தான், மவுண்ட் ரோட்டிலிருந்து ரிச்சி தெருவுக்குள் இரண்டு பேரும் நடந்தோம். நான்கு கடையில் விலை கேட்டோம். நால்வருமே முதலில் பி550ஐத்தான் நீட்டினார்கள். "ஃபியூச்சர் ப்ரூஃப் சார்." பிராசசர் 5600ஜி என்றதும் ஒருவர் மட்டும் சிரித்துவிட்டு உள்ளே போய் ஏ520 எடுத்து வந்தார். அவரிடமே வாங்கினோம்.

மாடலைத் தேர்ந்தெடுத்ததில் கடைசி வார்த்தை சொன்னது அக்கா வீட்டு மானிட்டர். பத்து வருடப் பழசு, பின்னால் விஜிஏ மட்டும்தான். விஜிஏ உள்ள போர்டாக எடுத்ததில் ஒரு கன்வெர்ட்டர் செலவு மிச்சம். நீங்களும் வீட்டை விட்டுக் கிளம்புமுன் மானிட்டரின் முதுகைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கேபினட்டின் முன்பக்கம் டைப்-சி இருந்தால், போர்டில் அதற்கான இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த விலைப் போர்டுகளில் பெரும்பாலும் இருக்காது.

பெட்டியைக் கடையிலேயே திறக்கச் சொல்லுங்கள். இன்டெல் போர்டு, ஏஎம்5 போர்டு என்றால் ஊசிகள் போர்டின் சாக்கெட்டில்தான் இருக்கும், எல்ஜிஏ1700இல் ஆயிரத்து எழுநூறு. போன் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே வரிசையில் மின்ன வேண்டும். ஒன்று வளைந்திருந்தாலும் அந்த இடம் மட்டும் வேறு மாதிரி பளபளக்கும். அங்கேயே படம் எடுத்து வையுங்கள். வளைந்த ஊசிக்கு வாரண்டி கிடையாது, "நீங்கதான் வளைச்சிருக்கீங்க" என்பார்கள். சாக்கெட்டின் மேல் வரும் கருப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாதீர்கள், சர்வீஸுக்குக் கொடுக்கும்போது அதைக் கேட்பார்கள். பில்லில் சீரியல் நம்பர் எழுதியிருக்க வேண்டும். பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள். பெரிய கம்பெனிப் போர்டுகளுக்கு வழக்கமாக வரும் மூன்று வருட வாரண்டியை அந்தக் காசுக்கு விற்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஏஎம்4இல் ஊசிகள் பிராசசரின் அடியில். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு, நான் பட்டது. 2021இல் தூசி தட்டலாம் என்று பிராசசர்மேல் இருக்கும் கூலரை நேராக மேலே இழுத்தேன். இரண்டுக்கும் நடுவில் தடவியிருந்த, காய்ந்துபோன பேஸ்ட் பசைபோல் பிடித்துக்கொண்டு, பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஓரத்தில் இரண்டு ஊசி சாய்ந்திருந்தன. 0.5 மெக்கானிக்கல் பென்சிலில் லீடை எடுத்துவிட்டு, அந்தக் குழல் முனையை ஊசியில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்த்தினேன். உட்கார்ந்தது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு வயது கூடிவிட்டது. கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் கணினியை ஓட்டிச் சூடாக்கி, கூலரை முதலில் இடமும் வலமும் திருகி, பிறகு தூக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு இதை மூன்று தடவை சொன்னேன்.

அவன் எல்லாவற்றையும் பஸ்ஸில் எடுத்துப் போய் வீட்டிலேயே மாட்டினான். ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ கால். முன்பக்க ஸ்விட்ச் ஒயரை எங்கே சொருகுவது என்று தெரியவில்லை, போர்டின் கீழ் ஓரத்தில் ஒன்பது ஊசி, கையில் நாலு ஒயர். பவர் ஸ்விட்சுக்கான இரண்டு ஊசியை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொடச் சொன்னேன். பயந்து பயந்து தொட்டான். ஃபேன் சுற்றியது. அக்கா பின்னால் நின்று "ஷாக் அடிக்கப் போகுதுடா" என்றாள். பழைய மானிட்டர் மஞ்சள் விளக்கிலிருந்து பச்சைக்கு மாறி பயாஸ் திரை வந்தது.

"மாமா, 16 ஜிபி காட்டுது. ஆனா 2666ன்னு இருக்கு, 3200 இல்லையா?"

ராமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்க எக்ஸ்எம்பி என்று ஒரு இடம் இருக்கும், அதை ஆன் செய்துவிட்டு எஃப்10 அழுத்து என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.